பணயநிரலும் அலுவலகப் பாதுகாப்பும்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் கணினி அமைப்பு தாக்குதலுக்கு உள்ளாயிற்று. சர்வர் எனப்படும் வழங்கிக் கணினிகளில் இருந்த தகவல்கள் திறக்க இயலாதவாறு பூட்டப்பட்டன. கதிர்வீச்சுச் சிகிச்சையைச் சில நாட்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. காவல்துறையின் சைபர் பிரிவு வழக்குப் பதிவு செய்து விசாரணையைத் தொடங்கியது. 1981இல் நிறுவப்பட்ட இம்மையத்தை நாடிக் கேரள மாவட்டங்களிலிருந்து மட்டுமின்றிக் கன்னியாகுமரி முதலிய தமிழக மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர்.

கணினி பழுதானால் சிகிச்சை ஏன் நிற்க வேண்டும் என்ற வினா எழலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. மொத்த அளவைப் பல பகுதிகளாகப் பிரித்து, வாரத்தில் ஐந்து நாட்கள் என்ற கணக்கில், பல வாரங்களுக்கு அளிப்பதே பொதுவான முறையாகும். எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர், இதுவரை எத்தனை முறை என்னும் விவரங்கள் அனைத்தும் கணினிப் பதிவில் உள்ளன. அப்பதிவைச் சரிபாராமல் கருவியை இயக்குவது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். இடையில் நாட்கள் தவறினாலோ சிகிச்சையின் பயன் குறையும். ஆகவே, பூட்டப்பட்ட கோப்பு ஒன்று நோயாளியின் உடல்நலத்தை நேரடியாகப் பாதிக்கிறது. இத்தகைய தாக்குதலிலிருந்து ஓர் அலுவலகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணயநிரல் என்பது யாது?

ஆங்கிலத்தில் ‘ரான்சம்வேர்’ எனப்படும் நச்சு நிரலை இங்குப் ‘பணயநிரல்’ எனக் குறிப்பிடுவோம். இது கணினிக்குள் நுழைந்து, கோப்புகளை மறைகுறி எழுத்துகளாக மாற்றிவிடுகிறது. மீண்டும் படிப்பதற்குரிய திறவுகோல் தாக்கியவனிடம் மட்டுமே இருக்கும். திறவுகோல் வேண்டுமெனில் இவ்வளவு தொகை செலுத்துக என்னும் அறிவிப்பு திரையில் தோன்றும்.

இம்முறை புதியதன்று. 1989ஆம் ஆண்டிலேயே எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் அடங்கியவை எனக் கூறி ஏறத்தாழ 20,000 நெகிழ்தட்டுகள் பல நாடுகளுக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தியோரின் கணினி முடங்கியது. பனாமா நாட்டு அஞ்சல் பெட்டி ஒன்றிற்கு 189 டாலர் அனுப்புமாறு கோரப்பட்டது. அக்காலத்தில் பணம் பெறும் வழி எளிதாக இல்லாமையால் இத்தொழில் வளரவில்லை. இணையம் பரவி, பிட்காயின் போன்ற மறைகுறி நாணயங்கள் புழக்கத்திற்கு வந்த பின்னர் அத்தடை நீங்கியது. இன்று நிரலை எழுதுவோர் ஒரு குழுவாகவும், அதனை வாடகைக்குப் பெற்றுத் தாக்குவோர் மற்றொரு குழுவாகவும் இயங்கி, கிடைப்பதைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். 2019 முதல், பூட்டுவதற்கு முன் தகவலைத் திருடி, பணம் தராவிடில் வெளியிடுவோம் என அச்சுறுத்தும் இரட்டை மிரட்டலும் வழக்கமாகிவிட்டது.

சுமையைத் தாங்குபவர் யார்?

திருவனந்தபுரத்தின் தென்பகுதியில் ஆற்றை ஒட்டி அமைந்துள்ள கரமனையை எடுத்துக்கொள்வோம். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்களைக் கொண்ட பகுதி இது. இங்கு வசிக்கும் ஓய்வூதியர் ஒருவர் மாதத் தொடக்கத்தில் பெறும் ஓய்வூதியம் கருவூலக் கணினி வழியே வருகிறது. நியாயவிலைக் கடையில் விரல்ரேகையைப் பதிந்து அரிசி பெறுகிறார். மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம், மாநகராட்சிக் கட்டட வரி, வங்கிக் கணக்கு ஆகிய ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு வழங்கிக் கணினியை நம்பியுள்ளது. அவரிடம் கணினி இல்லாமலிருக்கலாம். ஆயினும் அவரது அன்றாட வாழ்க்கை கணினியைச் சார்ந்தே நடக்கிறது.

பொருளியலில் புறவிளைவு என்றொரு கருத்து உண்டு. ஒருவர் செய்யும் செயலின் விளைவை, அதில் பங்கில்லாத வேறொருவர் தாங்க நேர்வதே அது. பாதுகாப்புச் செலவைத் தள்ளிப்போட்ட அலுவலகத்திற்கு அவ்வாண்டு வரவு செலவில் ஒரு சிறு தொகை மிச்சமாகிறது. தாக்குதல் நேரும்போது சிகிச்சை தவறுபவர் நோயாளி. பணம் எடுக்க இயலாதவர் வைப்பாளர். வரிசையில் நிற்பவர் ஓய்வூதியர். செலவும் இழப்பும் வெவ்வேறு கணக்குகளில் ஏறுவதால், பாதுகாப்பிற்கு ஒதுக்கப்படும் தொகை சமுதாயத்திற்குத் தேவையான அளவைவிட எப்போதும் குறைவாகவே அமைகிறது. இவ்விடைவெளியை நிரப்புவது நிர்வாகத்தின் கடமை. ஆகவே, இதனைக் கணினிப் பிரிவின் தொழில்நுட்ப வேலை என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

2024 ஜூலை 31 அன்று இவ்வுண்மை தெளிவாயிற்று. கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார ஊரக வங்கிகளுக்கும் கணினிச் சேவை அளித்துவந்த சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனம் பணயநிரலால் தாக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் தன் வலையமைப்பிலிருந்து அதனைத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணப்பரிமாற்றம் செய்ய இயலாது தவித்தனர். மறுநாள் இணைப்பு மீண்டும் தரப்பட்டது. அவ்வங்கிகள் நேரடியாகத் தாக்கப்பட்டவை அல்ல. பொதுவான ஒரு சேவையாளரைச் சார்ந்திருந்தமையே அவற்றின் இடர். எனவே வெளிநிறுவனச் சேவையைப் பெறும் அலுவலகம், அந்நிறுவனத்தின் பாதுகாப்பையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக் கேட்டறிதல் வேண்டும்.

காப்பு நகலின் மதிப்பு

தாக்குபவன் விற்கும் பொருள் நம்முடைய தகவலே. அதன் நல்ல நகல் ஒன்று நம்மிடம் இருக்குமானால், அவன் தரும் திறவுகோலுக்குப் பெருமளவு விலை இல்லாமற் போகிறது. அவ்வாறு நகல் இருந்த ஓர் அமைப்பையும் இல்லாத ஓர் அமைப்பையும் ஒப்பிடுவோம்.

2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் தாக்கப்பட்டது. ஐந்து வழங்கிக் கணினிகளில் ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவிலான தகவல் மறைகுறியாக்கப்பட்டதென அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. புறநோயாளர் பதிவு முதல் ஆய்வக அறிக்கை வரை அனைத்தும் கையெழுத்து முறைக்கு மாறின. எனினும், பாதிக்கப்படாத காப்பு வழங்கி ஒன்றில் மருத்துவமனைத் தகவல்கள் இருந்தமையால் அவை மீட்கப்பட்டன. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் பெரும்பாலான சேவைகள் மீண்டன.

2023 ஆகஸ்டு 26 அன்று இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பு தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. வலையமைப்போடு இணைந்திருந்த காப்பு நகலும் சேர்ந்தே பூட்டப்பட்டது. தனியே துண்டித்து வைக்கப்பட்ட நகல் இல்லாமையால், மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையிலான மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்து மீளாமல் அழிந்தது. அவ்வமைப்பில் பழைய பதிப்பு மென்பொருள் பயன்படுத்தப்பட்டு வந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாக ஒன்றையும் கூறலாம். 2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்னும் நிரல் டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. அதன் குழுமம் நடத்திய மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகச் சரக்குப் பெட்டக முனையமும் அதில் தப்பவில்லை. இந்நிரல் பணயம் கேட்பதுபோல் தோன்றினும் அழிப்பதே அதன் இயல்பு. பணம் கொடுத்தாலும் மீட்சி கிடையாது. நிறுவனத்தின் அனுமதிப் பதிவேடுகளைக் காக்கும் மையக் கணினிகள் உலகெங்கும் ஒருசேர அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் மின்தடை காரணமாக அவ்வேளையில் ஒரு கணினி இணைப்பற்று இருந்தது. அதிலிருந்த நகலைக் கொண்டே 4,000 வழங்கிகளும் 45,000 கணினிகளும் பத்து நாட்களில் புதிதாக நிறுவப்பட்டன. அங்கு மின்தடை தற்செயலாகச் செய்த வேலையை, அலுவலகம் திட்டமிட்டு ஒவ்வொரு நாளும் செய்தல் வேண்டும்.

நகல் எடுப்பதற்கு 3-2-1 என்னும் எளிய விதி உண்டு. தகவலுக்கு மூன்று பிரதிகள். அவை இருவேறு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறிடத்தில். வேறிடத்துப் பிரதி வலையமைப்பிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்டோ, எழுதியபின் திருத்த இயலாத வகையிலோ இருத்தல் நலம். கணினியோடு நிரந்தரமாகச் செருகப்பட்டிருக்கும் வன்தட்டு காப்பு நகலாகாது.

எவ்வளவு இழப்பு, எத்தனை நாள்?

நகல் எவ்வளவு அடிக்கடி எடுக்கப்பட வேண்டும்? இதற்கு விடை காண இரு வினாக்களை அலுவலகத் தலைவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது: எத்தனை நாள் பதிவுகளை இழந்தால் நம்மால் தாங்க இயலும்? இரண்டாவது: கணினி இன்றி எத்தனை நாள் நம் பணி நடைபெறும்?

எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 400 பதிவுகள் செய்யும் ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்வோம். சனிக்கிழமை இரவு மட்டும் நகல் எடுக்கப்படுகிறது. வெள்ளிக்கிழமை மாலை தாக்குதல் நேர்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாட்களுக்குரிய 2,000 பதிவுகள் போய்விட்டன. இரண்டு எழுத்தர்கள் வழக்கமான வேலைக்கு மேல் நாளொன்றுக்கு ஆளுக்கு 100 பதிவுகளை மீண்டும் செய்தால் பத்து வேலைநாட்கள் ஆகும். அதுவும், விண்ணப்பங்கள் காகிதத்தில் இருந்தால்தான் இயலும். இணையவழியே வந்த விண்ணப்பங்களை எதைப் பார்த்து எழுதுவது? நாள்தோறும் நகல் எடுத்திருப்பின் இழப்பு ஒரு நாளுக்குரிய 400 பதிவுகளோடு நின்றிருக்கும்.

மீட்பதற்குரிய நேரத்தையும் கணக்கிடுதல் வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுடைய வலையமைப்பில் 1.3 டெராபைட் தகவலைத் திரும்ப ஏற்றுவதற்கு, இடையூறு ஏதுமில்லையெனினும், ஏறத்தாழ 29 மணி நேரம் தேவை. வழங்கிகளைத் துடைத்துப் புதிதாக நிறுவுவதும், ஒவ்வொரு கணினியையும் சோதிப்பதும் இதற்கு மேற்பட்டவை. இதனால்தான் நகல் எடுப்பதோடு நில்லாமல், காலாண்டுக்கு ஒருமுறையேனும் அதனைத் திரும்ப ஏற்றிப் பார்த்தல் இன்றியமையாதது. ஏற்றிப் பார்க்கப்படாத நகல், எண்ணிப் பார்க்கப்படாத கையிருப்பைப் போன்றதே.

நுழைவாயில்களை அடைத்தல்

நகல் மட்டும் போதாது. திருடப்பட்ட தகவலை எந்த நகலும் திருடனிடமிருந்து மீட்டுத் தராது. ஆகவே நுழைவைத் தடுப்பதும் வேண்டும். பெரும்பாலான தாக்குதல்கள் அறியப்பட்ட சில வாயில்கள் வழியாகவே நிகழ்கின்றன.

முதல் வாயில், திருத்தப்படாத மென்பொருள். 2017 மே 12 அன்று ‘வான்னாகிரை’ நிரல் ஏறக்குறைய 150 நாடுகளில் பரவியது. கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு, பத்தனம்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளும், பாலக்காடு இரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் தேசிய நலவாழ்வுச் சேவையில் 236 மருத்துவ அமைப்புகளுள் 81 பாதிப்புற்றன. இத்தனைக்கும், அந்நிரல் பயன்படுத்திய குறைபாட்டிற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே, அதாவது ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, இலவசமாக வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10 இயக்க அமைப்பிற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அப்பதிப்பை வைத்திருக்கும் அலுவலகங்கள் மாற்றுவதற்கான ஒதுக்கீட்டை உடனே கோருதல் வேண்டும்.

இரண்டாவது வாயில், கடவுச்சொல். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் தாக்கப்பட்டு, நாடு முழுவதும் மருத்துவக் கட்டணப் பரிமாற்றம் தடைபட்டது. திருடப்பட்ட ஓர் அனுமதியைக் கொண்டே தாக்கியோர் உட்புகுந்தனர். தொலைவிலிருந்து நுழையும் அவ்வழியில் இரண்டாம் அடையாளச் சோதனை வைக்கப்படவில்லை. கடவுச்சொல்லுடன் கைப்பேசிக்கு வரும் எண்ணையோ தனிக்கருவியையோ கேட்கும் இச்சோதனை, செலவு குறைந்த பாதுகாப்புகளுள் தலையாயது.

மூன்றாவது, மின்னஞ்சல். விலைப்பட்டியல், மாறுதல் ஆணை, நீதிமன்ற அறிவிப்பு போன்ற தோற்றத்தில் வரும் இணைப்பைத் திறந்தவுடன் நிரல் நுழைகிறது. சந்தேகம் எழுந்தவுடன் தயங்காது தெரிவிக்கும் ஊழியரைப் பாராட்டுதல் வேண்டும். தவறுதலாகத் திறந்தவரைத் தண்டித்தால், அடுத்தவர் மறைப்பார். மறைக்கப்படும் ஒவ்வொரு மணியும் நிரல் பரவுவதற்கு உதவும். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமையுடைய கணக்கைப் பயன்படுத்தாமையும், உரிமமற்ற மென்பொருளைத் தவிர்த்தலும் இதனோடு சேர்ந்தவை.

அறைகளாகப் பிரித்தல்

இவ்வளவு செய்தும் ஒரு கணினி தாக்கப்படக்கூடும். அது மற்றவற்றிற்குப் பரவாதிருக்க வலையமைப்பைப் பகுதிகளாகப் பிரித்தல் வேண்டும். தில்லி மருத்துவக் கழக நிகழ்ச்சியை ஆராய்ந்தபோது, வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாமையே தாக்குதலுக்குக் காரணமெனக் கண்டறியப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் கூறியது.

இதன் தேவையைத் திருவனந்தபுரம் மக்கள் வேறொரு துறையில் அனுபவித்திருக்கின்றனர். கரமனையாற்று நீரை அருவிக்கரையில் தேக்கி நகருக்குக் கொண்டுவரும் திட்டம் 1933இல் தொடங்கப்பட்டது. 2024 செப்டம்பரில் இருப்புப்பாதை இரட்டிப்புப் பணிக்காகக் குழாய்களை இடம் மாற்றியபோது, வேலை ஓரிடத்தில் நடந்தும், நகரின் 40க்கும் மேற்பட்ட வார்டுகளில் சில நாட்கள் குடிநீர் வரவில்லை. ஒரு பகுதியை மட்டும் அடைத்து, ஏனைய பகுதிகளுக்கு வேறு வழியில் அனுப்பும் ஏற்பாடு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அந்நாட்கள் காட்டின. கணினி வலையமைப்பிலும் கணக்குப் பிரிவு, பொதுமக்கள் சேவைப் பிரிவு, காப்பு நகல் வழங்கி ஆகியவற்றிற்கு இடையே அத்தகைய அடைப்பான்கள் இருத்தல் வேண்டும்.

தாக்குதல் நேர்ந்தால்

பாதிக்கப்பட்ட கணினியின் வலை இணைப்பை உடனே துண்டிக்க வேண்டும். இயன்றவரை அதனை அணைத்துவிடலாகாது. நினைவகத்தில் உள்ள தடயங்கள் மறைந்துவிடக்கூடும். திரையில் தோன்றும் அறிவிப்பைப் படமெடுத்து வைத்தல் வேண்டும். காப்பு நகலைப் பதற்றத்தில் அக்கணினியோடு இணைத்துவிடாமல் காத்தல் வேண்டும்.

அடுத்தது, தெரிவித்தல். 2004இல் செயல்படத் தொடங்கிய இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவிற்கு, நிகழ்ச்சியை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தகவல் தரவேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 ஆம் நாளைய ஆணை. கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாத்தலும் அதன்படி கட்டாயமாகும். காவல்துறையிலும் புகார் அளித்தல் வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43, 66ஆம் பிரிவுகளின்கீழ் இக்குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தடயங்களை ஆராய்வதில் திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் மையம் நீண்ட அனுபவம் பெற்றது.

பணயத்தொகையைக் கொடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனம் 75 பிட்காயின், அதாவது ஏறத்தாழ 44 இலட்சம் டாலர், செலுத்தியது. கிடைத்த மீட்பு நிரல் மிக மெதுவாக இயங்கியதால், தன்னுடைய காப்பு நகல்களையே அது நாட வேண்டியதாயிற்று. சேஞ்ச் ஹெல்த்கேர் 2.2 கோடி டாலர் கொடுத்தது; அதன் பின்னரும் திருடப்பட்ட தகவலைக் காட்டி வேறொரு குழு மிரட்டியது. மேலும், கொடுக்கப்படும் ஒவ்வொரு தொகையும் அடுத்த தாக்குதலுக்கு முதலீடாகிறது. அதற்கு மாறாக, ஐரோப்பியக் காவல் அமைப்பும் டச்சுக் காவல்துறையும் தனியார் நிறுவனங்களோடு இணைந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ திட்டத்தில், பல பணயநிரல்களுக்கான திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அங்குத் தேடிப் பார்த்தல் தக்கது.

மீட்சி நடைபெறும் நாட்களில் பொதுமக்கள் பணி நிற்றலாகாது. அச்சிட்ட படிவங்கள், அவசரத் தொலைபேசிப் பட்டியல், கைப்பட எழுதும் பதிவேடு ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை அரைநாளேனும் கணினி இன்றி வேலை செய்து பழகுவதும் பயனளிக்கும். இளைய ஊழியர்கள் பலர் காகிதப் பதிவேட்டைக் கையாண்டதே இல்லை என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

அரசு அலுவலகங்களுக்கான தகவல் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள் 2023 ஜூன் 30 அன்று வெளியிடப்பட்டுள்ளன. பாதுகாப்பிற்கெனப் பொறுப்பு அலுவலர் ஒருவரை நியமித்தல் அவற்றுள் ஒன்று. நெறிகள் உள்ளன, அவை நடைமுறையில் உள்ளனவா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று போதும். அலுவலகத் தலைவர் சென்ற வாரத்தின் ஏதேனும் ஒரு கோப்பைக் குறிப்பிட்டு, அதனைக் காப்பு நகலிலிருந்து எடுத்துத் தருமாறு கேட்கட்டும். கோப்பு வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரமே அவ்வலுவலகத்தின் உண்மையான பாதுகாப்பு அளவு. வரவில்லையெனில், தாக்குதல் நேருவதற்கு முன்னரே அக்குறை தெரியவந்தது நன்று. அதனைச் சரிசெய்ய ஆகும் செலவு சிறிது. சரிசெய்யாவிடில் அதற்குரிய விலையைக் கொடுப்பவர் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளியும் ஓய்வூதியத்தை எதிர்நோக்கும் முதியவருமே ஆவர்.